இடது கைக்கு ஏற்றது என்று விற்ற சாய்வெட்டு நிப்பை மாற்றித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
தமிழ் ஆசிரியை,
சேன் ஆந்த்ரே, ரீயூனியன் தீவு.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர்,
மைப்பேனா விற்பனை நிறுவனம், பாரிஸ்.

பொருள்: தவறான பரிந்துரையின் பேரில் விற்கப்பட்ட ஓ.பி. நிப் (நுனி சாய்வாக வெட்டப்பட்ட அகன்ற நிப்) – மாற்றித் தருதல் அல்லது பணத்தைத் திருப்பித் தருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் நிறுவனத்தில் வாங்கிய 18 காரட் தங்க நிப் பொருத்திய மைப்பேனாவைப் பற்றி நான் எழுத்தில் தரும் முறையான புகார் இது. என் முந்தைய மின்னஞ்சலுக்கு உங்கள் ஊழியர் தமிழிலேயே பதில் அனுப்பினார் என்பதால் இதையும் தமிழிலேயே எழுதுகிறேன். அந்தப் பதிலில் இருந்தது இவ்வளவுதான்: திருப்பி எடுக்கும் கெடு முடிந்துவிட்டது, நிப்பில் மையும் பட்டுவிட்டது. இந்த இரண்டு காரணங்களையும் நான் ஏற்கவில்லை.

பேனாவைச் செய்தவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நிப்பின் நடுப் பிளவுக்கு இருபுறமும் உள்ள கிளைகள் சரியாகப் பொருந்தியிருக்கின்றன, மை தாராளமாக இறங்குகிறது, நுனியின் மெருகில் சொரசொரப்பு இல்லை. என் புகார் உங்கள் பரிந்துரையைப் பற்றியது.

வாங்குவதற்கு முன்பே என் தேவையை விவரமாக எழுதியிருந்தேன். 1848-இல் இங்கே அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்ட வேலைக்குப் பெருமளவில் வந்து சேர்ந்த தமிழர்களின் வழித்தோன்றல்களில் பலருக்கு இன்று வீட்டில் கிரியோல் என்னும் தீவு மொழியும் பிரெஞ்சும்தான் பேச்சு. அவர்களில் சிலர் என்னிடம் தமிழ் எழுத்து கற்க வருகிறார்கள். தீபாவளியை ஒட்டி நான் கொடுக்கும் சான்றிதழில் தங்கள் பெயரைத் தமிழில் பார்ப்பதுதான் அவர்களுக்குப் பெரிது. அந்தப் பெயர்களை அச்சில் போடாமல் கையாலேயே எழுதுகிறேன். கோவில் திருவிழா அழைப்பிதழ்களுக்கு உறை எழுதித் தருவதும் உண்டு. தடித்த கோடும் மெல்லிய கோடும் இழைந்து வரும் அகன்ற நிப் வேண்டும் என்றும், நான் இடது கையால் எழுதுபவள் என்றும் உங்களுக்குத் தெரிவித்தேன்.

உங்கள் ஊழியர் கேட்ட ஒரே கேள்வி, இடது கைதானே என்பது. ஆம் என்றவுடன், இடது கைக்காரர்களுக்காகவே சாய்வெட்டு நிப் செய்யப்படுகிறது, ஓ.பி. அல்லது அதைவிட அகன்ற ஓ.பி.பி. வாங்குங்கள் என்று எழுதினார். ஓ.பி.பி.யை நானே மறுத்துவிட்டேன். அவ்வளவு அகலமான நிப்பில் எழுத்தைப் பெரிதாக எழுதாவிட்டால் ண, ஞ, ஜ ஆகியவற்றின் சுழிகள் மையால் அடைந்துபோகும், புள்ளி பொட்டு அளவுக்குப் பருத்துவிடும். ரோமன் எழுத்தை மட்டும் மனத்தில் வைத்து நிப்பின் அகலத்தைப் பரிந்துரைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஆக, ஓ.பி. வந்தது.

சாய்வெட்டு நிப் இடது கைக்காரர்களுக்கானது என்பது பரவலாகச் சொல்லப்படும் தவறான கருத்து. அது எந்தக் கைக்கும் உரியதில்லை. பேனாவை உருட்டிப் பிடித்து எழுதும் பழக்கத்துக்கு உரியது. பெரும்பாலான நிறுவனங்கள் ஓ.பி. என்று முத்திரையிட்டு விற்பவை இடது பாத வெட்டுடையவை. இடது பாதத்தை மேலிருந்து பார்த்தால் விரல்கள் பெருவிரலிலிருந்து இடப்பக்கமாகச் சரிந்து இறங்குமே, அதே சரிவுதான் நிப்பின் நுனியிலும் இருக்கும். வலப்பக்கம் நீளம், இடப்பக்கம் குறைவு. பேனாவின் பின்முனையிலிருந்து நிப்பை நோக்கிப் பார்க்கும்போது அதைக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் உருட்டிப் பிடிப்பவர்களின் நிப் இடப்பக்கமாகத் தாழ்ந்து, வலப்பக்கம் தாளை விட்டு எழும்பும். நீண்ட வலப்பக்கம் அந்த இடைவெளியை நிரப்பி, நுனி முழுவதையும் தாளில் படிய வைக்கும். சாய்வாக வெட்டுவதன் பயன் அதுதான்.

நான் உருட்டிப் பிடிப்பது கடிகார முள் சுற்றும் திசையில். என் கையில் நிப்பின் வலப்பக்கம் இயல்பாகவே தாழ்ந்திருக்கும். அங்கேயே நுனியும் நீளமாக இருந்தால் வலது மூலை தாளைக் குத்தும், இடது கிளை தூக்கி நிற்கும், நடுப் பிளவு தாளைத் தொடாது. பிளவு தொடாத இடத்தில் மை எப்படி இறங்கும்?

அதுதான் நடந்தது. சதுர மீட்டருக்கு 90 கிராம் எடையுள்ள கிளேர்ஃபோந்தேன் நிறுவனத் தாளில் எழுதிய மாதிரி ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன், தயவுசெய்து உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். 'ரா' எழுதும்போது மேலிருந்து இறங்கும் கோடு வறண்டு தொடங்கி, பாதி வழியில்தான் மை பிடிக்கிறது. கோட்டின் ஒரு விளிம்பு கத்தரித்தது போல் நேராகவும் மறு விளிம்பு பிசிறாகவும் இருக்கிறது. 'ழ'வின் கீழ்ச் சுழிப்பில் மூலை கிளப்பிவிட்ட தாள் நார் தெரியும். அதே தாளின் அடியில், பேனாவை வலிந்து எதிர்த் திசையில் உருட்டிப் பிடித்து அதே எழுத்துகளை எழுதியிருக்கிறேன். அங்கே தடிப்பும் மெலிவும் எவ்வளவு அழகாக விழுகின்றன என்பதையும் பாருங்கள். நிப் நல்ல நிப்தான் என்பதற்கும், என் கைக்கு அது ஒவ்வாது என்பதற்கும் வேறு சான்று தேவையில்லை. பல ஆண்டுகளாகப் பழகிய பிடியை ஒரு பேனாவுக்காக மாற்றிக்கொள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என நம்புகிறேன்.

இவ்வளவு விலையுள்ள நிப்பை விற்பவர் வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டியவை வேறு. எழுதும் நிலையில் கையை மேலிருந்து எடுத்த ஒரு புகைப்படம் கேட்டிருந்தால், நிப்பின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒரு பார்வையிலேயே தெரிந்திருக்கும். இடது கைக்காரர்களிலும் வரிக்குக் கீழே கை வைத்து எழுதுபவர்கள் உண்டு, வரிக்கு மேலே கையை வளைத்து எழுதுபவர்கள் உண்டு, வரியின் மேலேயே கை நகர்பவர்களும் உண்டு. அகன்ற நிப் நிறைய மை விடும், அது காய நேரம் எடுக்கும். வரியின் மேலேயே கை நகர்பவர்களுக்கு அது எழுத்தையெல்லாம் இழுவிவிடும். எழுத்தின் உயரம் எவ்வளவு, கை எவ்வளவு அழுத்தும், எந்தத் தாள் என்பவற்றையும் கேட்டிருக்க வேண்டும். ஒரே பி (அகன்ற) நிப் என்றாலும் ஜப்பானியத் தயாரிப்பு பொதுவாக ஜெர்மானியத் தயாரிப்பைவிட ஒரு படி மெல்லியதாக எழுதும் என்பதையாவது சொல்லியிருக்கலாம். இவற்றில் ஒன்றுகூட என்னிடம் கேட்கப்படவுமில்லை, சொல்லப்படவுமில்லை.

இனி கெடு. பேனாவை அனுப்பிய நாளிலிருந்து 30 நாள் என்று கணக்கிடுகிறீர்கள். பாரிசுக்கும் எங்கள் தீவுக்கும் இடையே 9,000 கிலோமீட்டருக்கு மேல். பார்சல் சுங்கத்தைத் தாண்டி என் கைக்கு வந்தபோதே அந்தக் கெடு முடிந்திருந்தது. கிடைத்த அதே வாரத்தில் உங்களுக்கு எழுதினேன். ரீயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம், பிரெஞ்சு நுகர்வோர் சட்டத் தொகுப்பு இங்கும் செல்லும். தொலைவிலிருந்து வாங்கிய பொருளைத் திருப்பும் 14 நாள் உரிமை, எல். 221-18 பிரிவின்படி, பொருள் கைக்குக் கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது. மை பட்டதால் மதிப்புக் குறைந்தது என்று நீங்கள் வாதிடலாம், உரிமையே போய்விட்டது என்று சொல்ல முடியாது. மை தொடாமல் ஒரு நிப் கைக்கு ஒத்துவருமா என்று எப்படி அறிவது என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் நான் முக்கியமாக நம்பியிருப்பது வேறு பிரிவை. வாங்குபவர் ஒரு குறிப்பிட்ட பயன்பாட்டை முன்கூட்டியே தெரிவித்து, விற்பவர் அதை ஏற்றுக்கொண்டு விற்றால், பொருள் அந்தப் பயன்பாட்டுக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்கிறது எல். 217-4. இந்தப் பொறுப்பு பொருள் கையளிக்கப்பட்டதிலிருந்து 2 ஆண்டுகளுக்கு உண்டு. என் தேவையை நான் எழுத்தில் தெரிவித்தேன், நீங்களும் எழுத்திலேயே பரிந்துரைத்தீர்கள். இரு மின்னஞ்சல்களின் நகலும் இத்துடன் இருக்கின்றன.

நான் கேட்பது இது. அதே பேனாவுக்குச் சாதாரண பி நிப், அதே 18 காரட் தங்கத்தில், மாற்றித் தாருங்கள். உருண்டை நுனி கொண்ட பி நிப் கொஞ்சம் உருட்டிப் பிடித்தாலும் பொறுத்துக்கொள்ளும். தடிப்பு மெலிவு வேறுபாடு குறையும்தான், ஆனாலும் பெயர்கள் அறுபடாமல் விழும். இடப்பக்கம் நீண்டிருக்கும் வலது பாத வெட்டு எனக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். அது கடைகளில் அரிது என்று அறிவேன். தேர்ந்த நிப் தீட்டுநரிடம் கொடுத்து அகன்ற நிப் ஒன்றை அப்படி வெட்டித் தர நீங்கள் முன்வந்தால் மகிழ்ச்சியாக ஏற்பேன். எதுவானாலும் நான் கேட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் முடித்துத் தர வேண்டும் என்பது சட்டம். திருப்பி அனுப்பும் அஞ்சல் செலவு உங்களுடையது. சி.என்.23 சுங்கப் படிவத்தில் 'மாற்றத்துக்காகத் திருப்பி அனுப்பப்படுவது' என்று குறிப்பிடுவேன். புது நிப்பை அனுப்பும்போது நீங்களும் அப்படியே குறிப்பிடுங்கள், இல்லையென்றால் 8.5 சதவீத மதிப்புக் கூட்டு வரியையும் ஒக்த்ருவா த மேர் என்னும் தீவு வரியையும் ஒரே பேனாவுக்கு நான் இரண்டாம் முறை கட்ட நேரிடும். மாற்றித் தர இயலாவிட்டால், இங்கே கட்டிய வரிகள் உட்பட முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள்.

உங்கள் விற்பனைப் பக்கத்தில் 'இடது கைக்காரர்களுக்கான நிப்' என்ற தலைப்பின் கீழ் சாய்வெட்டு நிப்கள் இன்னமும் வரிசையாக இருக்கின்றன. அந்தத் தலைப்பை உடனே நீக்குங்கள். ஆசையாகச் சேர்த்த பணத்தில் முதல் தங்க நிப் வாங்க வரும் இன்னொரு இடது கைக்காரர் அதை நம்பி வாங்கிவிடக் கூடாது.

ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் இதை அனுப்புகிறேன். உரிய பதில் வராவிட்டால், உங்கள் விற்பனை நிபந்தனைகளில் குறிப்பிட்டுள்ள நுகர்வோர் சமரச அலுவலரிடம் இந்தக் கடிதத்தின் நகலுடன் முறையிடுவேன், அரசின் சிக்னால்கொன்சோ என்னும் நுகர்வோர் புகார் தளத்திலும் பதிவு செய்வேன். அதற்கு அவசியம் நேராமல், தீபாவளிச் சான்றிதழ்களுக்கு முன்பே நிப்பை மாற்றித் தருவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தமிழ் ஆசிரியை, சேன் ஆந்த்ரே.