என் புள்ளைய தூக்கி வச்சிருந்தவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் ரிசல்ட் வந்துருச்சு, ஏசிசிஏன்னு கணக்காளர் பரிட்சை, கடைசி பேப்பரும் பாஸ். மொத்தம் 13 பேப்பர், 7 வருஷம், நடுவுல கல்யாணம், ஒரு புள்ள. வாட்சப்ல வாழ்த்துனவங்களுக்கெல்லாம் தேங்க்ஸ் சொல்லியாச்சு. ஆனா நான் படிச்ச நேரத்துல பாப்பாவ யார் வச்சிருந்தாங்கன்னு எழுதணும்னு தோணுச்சு, அதான் உக்காந்தேன்.

எங்க கொள்ளுப்பாட்டி ரஜூலா கப்பல்ல மலேசியாவுல பினாங்குல வந்து எறங்குனது 1937, கங்காணிங்க ஊர்ல இருந்து தோட்ட வேலைக்கு ஆள் கட்டுறது நின்னதுக்கு முந்தின வருஷம். பாட்டி பொறந்ததே கெடாவுல தோட்டத்துல தான், பால்மரம் வெட்டுனவங்க, அதாவது ரப்பர் மரத்த கீறி பால் எடுத்தவங்க. விடியறதுக்குள்ள பெரட்டுக்கு, அதான் வேலைக்கு பேர் கூப்புடுற எடத்துக்கு, போகணும்ல, அதனால அப்ப கொழந்தையா தூங்குற எங்க அம்மாவ அப்படியே தூக்கிட்டு போயி புள்ளைங்கள பாத்துக்குற ஆயக்கொட்டகையில போட்டுட்டு, நெத்தியில லைட்ட கட்டிகிட்டு மரத்துக்கு போயிருவாங்க. கொட்டகையில வரிசையா சேலைத் தொட்டில், ஒரே ஆயா, ஒரு கால்ல கயித்த மாட்டி ஆட்டிகிட்டே மடியில இன்னொரு புள்ளைக்கு பால் குடுப்பாங்களாம். பாட்டி மத்தியானம் ஸ்டோர்ல பால நிறுத்துட்டு வந்து தூக்குனா அம்மா போக மாட்டேன்னு அழுவாங்களாம், பாட்டி மேல அவ்ளோ ரப்பர் நாத்தம்! அந்த ஆயா பேர் என்னன்னு கேட்டேன். "ஆயா தான்"ங்கறாங்க பாட்டி.

அம்மா 1989ல பினாங்கு பிறை ஊர் பக்கம் எலக்ட்ரானிக் பேக்டரியில சேந்தாங்க. இன்னைக்கும் அதே வேலை தான். லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வெளிய ரோட்டுல பேக்டரி பஸ்ஸு வந்து நிக்கும், நைட் ஷிப்ட் போற பொண்ணுங்கள மினா காரான்னு, மலாய்ல கரண்ட் பேக்டரி பொண்ணுன்னு மட்டமா, கேலி பண்ணுவாங்க, நம்ம ஆளுங்களும் தான். அந்த மினா காரான் சம்பளத்துல தான் வீட்டுக்கு பிரிட்ஜ் வந்துச்சு. தோட்டத்த வித்து வீடு கட்ட ஆரம்பிச்சதுல பாட்டிக்கு வேல போச்சு, எல்லாரும் அழுதாங்க, ஆனா அதனால தான் நான் பாட்டி மடியில வளந்தேன். அம்மாவுக்கு பிரசவ லீவு 60 நாளு, 61வது நாள் மைக்ரோஸ்கோப் முன்னாடி.

எனக்கு 98 நாள் கெடச்சுச்சு, பிரசவ லீவு சட்டம் 2023ல இருந்து மாறிருச்சுல்ல. அதுக்கப்புறம் தான் சிக்கல். பாட்டிக்கு முட்டி வலி, புள்ளைய தூக்க முடியாது, அம்மா ரிட்டையர் ஆக இன்னும் 4 வருஷம் இருக்கு. ஒரு நர்சரியில சேத்தேன், 6 மணிக்கு மேல லேட்டானா 10 நிமிஷத்துக்கு இவ்ளோன்னு கட்டணம், ஒருநாள் ஜாம்ல மாட்டி போனா பாப்பா பைய தோள்ல மாட்டிகிட்டு கேட்டுகிட்ட தனியா நிக்கிது. அன்னைக்கு நைட்டு பரிட்சையே வேணாம்னு புத்தகத்த எல்லாம் பெட்டியில போட்டு டேப் ஒட்டிட்டேன்.

டேப்ப பிரிச்சது எதுத்த வீட்டு மக்சிக், மலாய்க்கார அம்மா. "நாளையில இருந்து இங்க விடு"ன்னு மலாய்ல சொல்லிட்டு பாப்பாவ தூக்கிட்டு போயிட்டாங்க, காசு குடுத்தா கோவம் வந்துரும். சனி ஞாயிறு மேல்மாடி அக்கா, தையல் மிஷின் பக்கத்துல பாய் விரிச்சு போட்டு பாத்துகிட்டாங்க. டிசம்பர் பரிட்சை அன்னைக்கு பாப்பாவுக்கு காய்ச்சல், அத்தை ஈப்போவுல இருந்து விடியக்காலம் பஸ் ஏறி வந்தாங்க, வந்து கையோட என்னைய வெளிய தள்ளி கதவ சாத்திட்டாங்க. (என் வீட்டுக்காரரும் பாத்தாரு. அவருக்கு நன்றி கெடையாது, அவர் புள்ள தானே.)

மக்சிக், அக்கா, அத்தை, பேர் போடாதன்னு மூணு பேரும் சொல்லிட்டீங்க, சரி போடல. பாப்பா பெருசானதும் கேட்டா மட்டும் முழுப்பேரோட சொல்லுவேன், ஆயா கத இன்னொரு தடவ வேணாம்.

வர ஞாயித்துக்கிழமை மதியம் எல்லாரும் வீட்டுக்கு வாங்க. பாட்டி ஆட்டுக்கறி பெரட்டல் பண்றேன்னு நாற்காலி போட்டு அடுப்புகிட்ட இப்பவே ரிகர்சல் பாக்குறாங்க. கறி ஹலால் கடையில தான் சொல்லி வச்சிருக்கேன் மக்சிக், சட்டியும் புதுசு.