பாடநூல் எழுதுவோருக்கு: அணுவை எப்படி அறிந்தோம் என்பதையும் எழுதுங்கள்

பள்ளி அறிவியல் பாடநூல்களை எழுதுவோருக்கும் தொகுப்போருக்கும்,

வணக்கம்.

அணு அமைப்புப் பாடத்தைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் வட்டங்கள், வட்டங்களின் மேல் சின்னச் சின்ன எலக்ட்ரான்கள். இந்தப் படத்தைக் கரும்பலகையில் எத்தனை முறை போட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒருநாள் படத்தைப் போட்டு முடித்துத் திரும்பியபோது ஒரு மாணவி எழுந்தாள். "யாருமே பார்த்ததில்லைன்னு சொன்னீங்களே சார், அப்புறம் உள்ளே இப்படித்தான் இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள். பாடநூலைப் புரட்டினேன். பாடத்தின் பின்னால் இருந்த எல்லாக் கேள்விகளுக்கும் உள்ளே விடை இருந்தது. அவள் கேட்டதற்கு மட்டும் இல்லை.

அந்த விடையைச் சேர்க்கும்படி கேட்கவே இதை எழுதுகிறேன்.

நான் நடத்திய பாடங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. டால்டன் ஒன்று சொன்னார், தாம்சன் வேறொன்று சொன்னார், பிறகு ரூதர்ஃபோர்டு, பிறகு நீல்ஸ் போர். ஆளுக்கொரு படம், ஓர் ஆண்டு, கீழே 'குறைபாடுகள்' என்று இரண்டு வரி. இதைப் படிக்கிற பிள்ளைக்கு என்ன தோன்றும்? ஒருவர் மனத்தில் பட்டதைச் சொன்னார், அடுத்து வந்தவர் அதைத் தள்ளினார், இப்போது இருப்பதும் நாளை மாறிவிடும், தேர்வு முடியும்வரை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அறிவியலைப் பற்றி இதைவிடத் தவறான எண்ணத்தை ஒரு குழந்தையிடம் விதைக்க முடியாது.

டால்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். 'அணுவைப் பிளக்க முடியாது என்றார், அது தவறு' என்பதோடு அவரை அனுப்பிவிடுகிறோம். அவர் கையில் இருந்ததோ எடைக்கணக்கு. இன்றைய எண்களில் சொன்னால், 12 கிராம் கார்பனோடு 16 கிராம் ஆக்சிஜன் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு, 32 கிராம் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு. சரியாக இருமடங்கு. இடையில் 20 கிராமோ 25 கிராமோ சேர்ந்த நிலையான சேர்மம் எதுவும் கிடைப்பதில்லை. பொருள் எவ்வளவு வேண்டுமானாலும் நுணுகிக்கொண்டே போகக்கூடியது என்றால் இந்தப் பிடிவாதம் எதற்கு? முழு முழுத் துண்டுகளாகச் சேர்வதால்தான். ஒரு தராசை வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எண்ணத் தொடங்கிய இடம் இது. இந்த இரண்டு எண்களைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்து பாருங்கள், பத்து நிமிடத்தில் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை தானாகவே 'துண்டு' என்ற சொல்லுக்கு வந்துவிடும்.

டால்டனின் உண்மையான தவறு இன்னும் சுவையானது. நீரில் ஓர் ஹைட்ரஜன் அணுவுக்கு ஓர் ஆக்சிஜன் அணு என்றே அவர் கொண்டார். இரண்டு தனிமங்களுக்கிடையே ஒரே ஒரு சேர்மம்தான் தெரிகிறது என்றால், எளிய விகிதமாக ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வதே அவருடைய விதி. அதனால் 1808-இல் வெளியான அவருடைய நூலில் ஆக்சிஜனின் அணு எடை 7 என்று நிற்கிறது. இன்று நாம் சொல்வது 16. ஆனால் வாயுக்களின் பருமனை அளந்தபோது இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்து இரண்டு பங்கு நீராவி வந்தது. ஒரு பங்கு ஆக்சிஜன் எப்படி இரண்டு பங்கு நீராவிக்குப் போதும்? ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டாகப் பிரிந்தால்தான் போதும் என்று 1811-இல் அவகாட்ரோ சொன்னார். யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. 1860-இல் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடியபோது கனிசாரோ அதை மீண்டும் எடுத்து வைத்தார். அங்கே உட்கார்ந்து கேட்டவர்களில் மெண்டலீவ் ஒருவர். ஒன்பது ஆண்டுகளில் தனிம அட்டவணை வந்தது. அணு எடைகள் நேரானதால்தான் அந்த அட்டவணை சாத்தியமாயிற்று.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு, நீரின் வாய்பாடுகூட உறுதியாகாமல் அறிஞர்கள் திணறியிருக்கிறார்கள். இதை ஏன் பிள்ளைகளிடம் மறைக்கிறோம்? தனக்குப் புரியவில்லை என்று வெட்கப்பட்டுக் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்காரும் மாணவனுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா?

தாம்சனுக்கு ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். 1897-இல் அவர் கேதோடு கதிர்களை, அதாவது வாயு குறைந்த கண்ணாடிக் குழாயில் கேதோடு என்ற எதிர்மின்வாயிலிருந்து கிளம்பும் கதிர்களை, அளந்தபோது, குழாய்க்குள் எந்த வாயு இருந்தாலும், கேதோடு எந்த உலோகமாக இருந்தாலும், மின்சுமைக்கும் நிறைக்கும் உள்ள விகிதம் மாறவில்லை. எல்லாப் பொருளிலும் இருப்பது ஒரே துகள் என்று அவர் துணிந்து சொன்னதற்கு அடிப்படை இதுவே. அந்த வரி இல்லாமல் எலக்ட்ரான் என்பது வெறும் பெயர்.

கதிரியக்கப் பொருள் உமிழும் ஆல்பா துகள்களை உலோகத் தகட்டின் மேல் பாய்ச்சிய ரூதர்ஃபோர்டு சோதனையில் 'சில ஆல்பா துகள்கள் திரும்பி வந்தன' என்று எழுதுகிறோம். சில என்றால் எத்தனை? 1909-இல் கைகரும், அப்போது பட்டம்கூட வாங்காத இளைஞரான மார்ஸ்டனும் இருட்டறையில் உட்கார்ந்து, நுண்ணோக்கி வழியாகத் திரையில் மின்னும் ஒளிப்பொட்டுகளைக் கண்ணால் எண்ணினார்கள். பிளாட்டினத் தகட்டில் பட்டுத் திரும்பியவை ஏறத்தாழ 8000-க்கு ஒன்று. அந்த ஒன்றை 'ஏதோ பிழை' என்று ஒதுக்கியிருந்தால் அணுவின் நடுவே உட்கரு இருப்பது அன்று தெரிய வந்திருக்காது. சிறு சிறு விலகல்கள் பல சேர்ந்து இவ்வளவு பெரிய திருப்பத்தைத் தர முடியாது, ஒரே மோதலில்தான் முடியும் என்று கணக்குப் போட்டு, 1911-இல் ரூதர்ஃபோர்டு அணுவின் மின்சுமையை நடுவில் ஒரு நுண்ணிய இடத்தில் குவித்தார். அந்தக் கட்டுரையில், நடுவிலிருக்கும் மின்சுமை நேரா எதிரா என்பதை அவர் முடிவுகட்டவில்லை. சிதறல் கணக்குக்கு இரண்டும் ஒத்துப்போயிற்று, ஆகவே தெரிந்த அளவோடு நிறுத்திக்கொண்டார். எவ்வளவு நேர்மையான இடம் அது! பாடநூலில் அதற்கு இடமில்லாமல் போய்விட்டது.

அடுத்து அந்த வட்டப் படம். ஹைட்ரஜனின் உட்கருவை 1 மில்லிமீட்டர் புள்ளியாகப் போட்டால், எலக்ட்ரானின் வட்டம் ஏறத்தாழ 30 மீட்டர் தள்ளி வர வேண்டும். இதைப் படத்தின் அடியில் ஒரு வரியாக எழுதுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். போரின் வட்டங்களும் வானத்திலிருந்து விழவில்லை. ஹைட்ரஜன் வெளியிடும் ஒளியில் குறிப்பிட்ட சில நிறக்கோடுகள்தான் தெரியும். அவற்றின் அலைநீளங்களை ஒரு சூத்திரத்தில் அடக்கியவர் பால்மர் என்ற பள்ளி ஆசிரியர், 1885-இல். அந்தச் சூத்திரம் ஏன் பொருந்துகிறது என்பது 28 ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. 1913-இல் போரின் அணுவிலிருந்து அது கணக்காக வந்து விழுந்தது. ஆனால் அடுத்த தனிமமான ஹீலியத்திடமே அந்த அணு தோற்றது. 1926-க்குப் பின் வட்டப்பாதை என்பதே போய், எலக்ட்ரான் எங்கே கிடைக்கக்கூடும் என்ற நிகழ்தகவுதான் மிஞ்சியது. எலக்ட்ரானைத் துகளாகக் காட்டிய தாம்சன் 1906-இல் நோபல் பரிசு பெற்றார். அதே எலக்ட்ரான் அலைபோல வளைந்து பரவும் விளிம்பு விளைவைக் காட்டுகிறது என்று நிறுவி 1937-இல் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவருடைய மகன். தந்தை அளந்தது பொய்யாகவில்லை. இருவர் சோதனையும் இன்றும் செய்தால் அப்படியே வரும். 'குறைபாடுகள்' என்ற தலைப்பு இதைச் சொல்ல விடுவதில்லை.

பக்கம் போதாது என்பீர்கள். பாடநூல் எழுதுவதன் நெருக்கடி எனக்கும் ஓரளவு தெரியும். அப்படியானால் நான்கு படங்களில் இரண்டை எடுத்துவிடுங்கள். பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு போட்ட கட்டங்களை எடுத்துவிடுங்கள். 'தாம்சன் மாதிரியின் குறைபாடுகள் யாவை?' என்ற கேள்வியை எடுத்துவிட்டு, 'எந்த அளவீடு தாம்சனின் அணுவோடு ஒத்துப்போகவில்லை, ஏன்?' என்று கேளுங்கள்.

சந்தேகப்பட்டவர்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். அவர்களில் ஒருவர் உங்கள் வேலையைச் செய்தவர். வேதியியலில் பெரும் பெயர் பெற்ற ஆஸ்ட்வால்டு, அணு என்ற ஒன்று தேவையே இல்லை, ஆற்றலை வைத்தே வேதியியலைச் சொல்லிவிடலாம் என்று பல ஆண்டுகள் வாதிட்டார். பாடநூல்களும் எழுதினார். இதற்கிடையே, நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் துள்ளுவதற்கு மூலக்கூறுகளின் மோதலே காரணம் என்று 1905-இல் ஐன்ஸ்டைன் கணக்கிட்டுக் காட்டினார். அந்தத் துள்ளலையும், துகள்கள் நீரில் உயரத்துக்கு உயரம் அடர்த்தி குறைந்து நிற்பதையும் நுண்ணோக்கியில் அளந்த பெரேன், ஒரு மோல் பொருளில் எத்தனை மூலக்கூறுகள் என்று சொல்லும் அவகாட்ரோ எண்ணைக் கணித்தார். தொடர்பே இல்லாத வேறு வேறு வழிகளிலும் கிட்டத்தட்ட அதே எண் வந்தது. 1909-இல் ஆஸ்ட்வால்டின் பாடநூல் புதிய பதிப்பாக வந்தபோது, பொருள் துகள்களால் ஆனது என்பதற்கு இப்போது சோதனைச் சான்று கிடைத்துவிட்டது என்று அவரே முன்னுரையில் ஒப்புக்கொண்டார். தன் மனத்தை மாற்றிய சான்றுகள் எவை என்பதையும் அங்கேயே குறிப்பிட்டார்.

உங்கள் அடுத்த பதிப்பின் அணுப் பாடத்தை அந்த முன்னுரையிலிருந்து தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்று எழுந்து நின்று கேட்ட மாணவி பள்ளியை விட்டுப் போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் இன்னும் அதே படத்தைத்தான் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறார்கள்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
ஓர் அறிவியல் ஆசிரியர்