ருமேனிய டிராக்டர்

லண்டன்
24.10.2025

அன்புள்ள மாஸ்டர்,

உம்முடைய கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. முழங்கால் வலிக்கு எண்ணெய் மட்டும் பூசிக்கொண்டு டாக்டரிடம் போக மறுக்கிறீர் என்று உம்முடைய மகள் என்னிடம் முறையிட்டாள். நான் சொல்லி நீர் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. இருந்தாலும் சொல்லிவிட்டேன், கடமை முடிந்தது.

இன்று ஒக்டோபர் 24. திகதியைப் பார்த்ததும் உமக்கும் ஞாபகம் வந்திருக்கும். சாம்பியாவின் கிட்வே நகரில் ஜக்கரண்டா மரங்கள் ஊதாப் பூவைக் கொட்டிக்கொண்டு நிற்க, பிள்ளைகளை வெயிலில் வரிசைப்படுத்தி அணிவகுப்புக்குக் கூட்டிப்போவோமே, அந்த நாள். சாம்பியா சுதந்திரம் பெற்று இன்றோடு 61 வருடம். நாம் போய் இறங்கியபோது அந்த நாட்டுக்கு இருபது வயதுதான். 83 கலவரத்துக்குப் பிறகு ஊரில் இருக்கப் பயந்து ஓடிப்போன இரண்டு பேர், அங்கே போய் அட்சரகணிதம் சொல்லிக்கொடுத்தோம்.

ஓய்வூதியத்தை வைத்துக்கொண்டு லண்டனில் என்னதான் செய்கிறீர் என்று கேட்டிருந்தீர். கூட்டம் கேட்கப் போகிறேன். பகிடி இல்லை. இந்த நகரத்தில் ஆபிரிக்காவைப் பற்றி யாராவது எங்காவது பேசாத கிழமையே கிடையாது. 1901இல் மேரி கிங்ஸ்லி அம்மையாரின் நினைவாகத் தொடங்கிய ஆபிரிக்கச் சங்கம் இன்னும் இருக்கிறது. பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன, ஆய்வு நிலையங்கள் நடத்துகின்றன, தேவாலயங்கள்கூட நடத்துகின்றன. எனக்கு பஸ் இலவசம், கூட்டம் இலவசம், பிஸ்கட்டும் இலவசம். பேத்தி என்னை 'செமினார் தாத்தா' என்கிறாள்.

சாத்தம் ஹவுஸ் என்ற ஆய்வு நிலையத்தில் 1927இலிருந்து ஒரு விதி உண்டு: கேட்டதை வெளியே சொல்லலாம், சொன்னவர் யாரென்று சொல்லக்கூடாது. நான் இப்போது உமக்கு எழுதப்போகும் கூட்டம் அங்கே நடக்கவில்லை. ஆனாலும் அந்த விதியையே பிடித்துக்கொள்கிறேன். மண்டபத்தையும் ஆட்களையும் கேட்காதீர்.

போன செவ்வாய் மாலை. ஆபிரிக்க நாடுகளின் கடன் பற்றிய பேச்சு. மேடையில் மூன்று பேர். நடுவில் இருந்த இளம் பொருளாதார நிபுணர் திரையில் ஒரு வரைபடம் காட்டினார். சிவப்புக் கோடு சாம்பியா. நீலக் கோடு, மாஸ்டர், இலங்கை. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி, ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. நம் இளமையும் உம்முடைய முதுமையும் ஒரே படத்தில். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கைத்தொலைபேசியில் அதைப் படம் பிடித்துக்கொண்டார்.

கதை உமக்குத் தெரிந்ததுதான், ஆனால் ஒழுங்காக அடுக்கிக் கேட்கும்போது வயிற்றைப் பிசைகிறது. 2005இல் சாம்பியாவின் பழைய கடன் தள்ளுபடியானது. 700 கோடி டொலருக்கு மேல் இருந்தது அடுத்த வருடத்துக்குள் 100 கோடிக்கும் கீழே வந்தது. 2006 ஏப்ரலில் கிராமத்து ஆஸ்பத்திரிகளில் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். பிறகு 2012இல், கையில் கடன் இல்லை, செம்பு நல்ல விலை போகிறது என்ற தெம்பில், உலகச் சந்தையில் 75 கோடி டொலருக்குக் கடன் பத்திரம் விற்றார்கள். அந்த நேரம் ஸ்பெயின் கட்டியதைவிடக் குறைந்த வட்டி! வாங்குவதற்கு அடிபிடி. 2014இல் இன்னொரு 100 கோடி. 2015இல் 125 கோடி, ஆனால் அதற்குள் செம்பு விழுந்துவிட்டது, வட்டி 9 வீதத்தை எட்டிவிட்டது. இவை போக, தெருவுக்கும் விமான நிலையத்துக்கும் சீனாவிடம் வாங்கியது வேறு. 2020 நவம்பரில் 4 கோடி 25 இலட்சம் டொலர் வட்டித் தவணை கட்ட முடியாமல் கையை விரித்தார்கள். ஒன்றரை வருடம் கழித்து, 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, கொழும்பும் அதையே செய்தது. அந்தச் சித்திரை வருடப்பிறப்புக்கு நீர் மண்ணெண்ணெய்க்குச் சங்கக்கடை வாசலில் நின்றதை எழுதியிருந்தீர். உம்முடைய கலனுக்குப் பக்கத்தில் கல் வைத்து இடம் பிடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்ததையும்.

நிபுணர் அதற்குமேல் போனது பேச்சுவார்த்தைக்கு. கடன் கொடுத்தவர்கள் தங்களுக்குள் யார் எவ்வளவு நட்டப்படுவது என்று பிடித்த சண்டையில் சாம்பியாவுக்கு மூன்றரை வருடம் போனது. கடன் கொடுத்த அரசாங்கங்கள் 2023 ஜூனில் பாரிஸில் 630 கோடி டொலர் கடனை மாற்றியமைக்க இணங்கின. பத்திரக்காரர்களோடு அதே வருடம் எட்டிய ஒப்பந்தத்தை, அவர்களுக்கு அதிகம் போகிறது என்று அந்த அரசாங்கங்களே நிராகரித்தன. கடைசியில் 2024 ஜூனில்தான் முடிந்தது. அதே வருடம் அங்கே கடும் வறட்சி, சோள விளைச்சல் பாதியாகிவிட்டது, கரிபா அணையில் தண்ணீர் இல்லாமல் நாள் முழுக்க மின்வெட்டு. இதற்கு அவர் ஒரு வரி ஒதுக்கினார்: 'வெளி அதிர்ச்சி.'

மாஸ்டர், எனக்கு அப்போது 1986 டிசம்பர்தான் கண்முன் வந்தது. சர்வதேச நாணய நிதியம் சொன்னதென்று சோளமா மானியத்தை எடுத்தார்கள். பிரெக்ஃபாஸ்ட் மீல் என்ற நைசான சோளமாவின் விலை ஒரே இரவில் இரண்டு மடங்குக்கு மேல். ஏழைகள் வாங்கும் ரோலர் மீல் என்ற கரடுமுரடான மாவுக்கு மானியம் தொடரும் என்றார்கள், ஆனால் அரசாங்கம் காசு தராது என்று பயந்து ஆலைக்காரர்கள் அதை அரைப்பதையே நிறுத்திவிட்டார்கள். கடையில் ஏறின விலைச் சாமான் மட்டும். கிட்வேயிலும் ன்டோலாவிலும் கடைகள் உடைந்தன, துவக்குச் சூடு, குறைந்தது 15 பேர் செத்தார்கள். நாம் இரண்டு பேரும் கதவைப் பூட்டிக்கொண்டு கப்பென்டாக் கருவாட்டைக் குழம்பு வைத்து மூன்று நாள் ஓட்டினோம். நெத்தலியைப் போலவே இருக்கிறது என்று அதற்கு ஒரு சந்தோஷம் வேறு. ஜனாதிபதி கவுண்டா மானியத்தைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த வருடம் மே மாதம், ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கடனுக்குக் கட்ட மாட்டேன் என்று நாணய நிதியத்தோடு முறித்துக்கொண்டார். அன்று இரவு ஆசிரியர் விடுதியில் நீர் எழுந்து நின்று கைதட்டியது எனக்கு மறக்கவில்லை. நான் தட்டவில்லை. அந்த நாட்டு நாணயமான குவாச்சா, டொலர் ஏலத்தில் போய்ச் சரிந்ததில் உம்முடைய தங்கையின் சீதனக் காசு கரைந்துபோனது எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் நீர் எப்படிக் கைதட்டினீர் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

இதில் எதுவும் அந்த வரைபடத்தில் இல்லை. அது 2000ஆம் ஆண்டிலிருந்து தொடங்கியது.

கேள்வி நேரம் வந்தது. நடத்தியவர், 'கேள்வி மட்டும் கேளுங்கள், கருத்து வேண்டாம்' என்றார். மூன்று கேள்விகளைச் சேர்த்து வாங்கி ஒரே பதிலாகச் சொல்வது இங்கே வழக்கம். கடினமான கேள்வி நடுவில் அகப்பட்டால் அப்படியே நழுவிவிடும். நான் கை தூக்கினேன். ஒலிவாங்கி என்னைத் தாண்டி இரண்டு தரம் போனது. வழுக்கைத் தலைகள் பொதுவாகக் கருத்துச் சொல்லும் என்பது அவர்கள் அனுபவம் போலும், அதில் பிழையும் இல்லை.

நான் கேட்க நினைத்தது டிராக்டரைப் பற்றி. 1979இல் சாம்பியா ருமேனியாவிடம் ஒன்றரைக் கோடி டொலர் கடனுக்கு டிராக்டரும் விவசாய இயந்திரங்களும் வாங்கியது. கட்ட முடியாமல் வட்டி ஏறியது. 1999இல் ருமேனியாவோடு பேசித் தீர்க்கப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், டோனிகால் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் இடையில் புகுந்து அந்தக் கடன் பத்திரத்தை ஏறத்தாழ 33 இலட்சம் டொலருக்கு வாங்கியது. பிறகு சாம்பியாவிடம் ஐந்தரைக் கோடி கேட்டு வழக்குப் போட்டது. எங்கே? இங்கே, லண்டன் உயர் நீதிமன்றத்தில். 2007இல் ஏறக்குறைய 1 கோடி 55 இலட்சம் டொலர் கொடுக்கும்படி தீர்ப்பானது. நீதிபதி அந்த நிறுவனத்தின் நடத்தையைக் கண்டித்தார், ஆனால் சட்டம் சட்டந்தான் என்றாகிவிட்டது. கடன் தள்ளுபடியில் மிஞ்சிய காசின் ஒரு பகுதி இப்படிப் போனது. வெட்கப்பட்டோ என்னவோ, 2010இல் இங்கே நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் கொண்டுவந்து, பழைய கடன்களுக்கு இப்படி உறிஞ்சுவதைத் தடுத்தார்கள். 2012இலிருந்து விற்ற பத்திரங்களை அந்தச் சட்டம் தொடாது. அவற்றுக்கும் இங்கிலாந்துச் சட்டந்தான் பொருந்தும். கூட்டம் நடந்த மண்டபத்திலிருந்து ஸ்ட்ராண்ட் தெரு நீதிமன்றக் கட்டடத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆபிரிக்காவின் கடனுக்காக இந்த நகரம் ஒரு தெருவில் இரக்கப்படுகிறது, அடுத்த தெருவில் வழக்காடுகிறது. இதை யாராவது மேடையில் சொல்வார்களா என்றுதான் கிழமைக்குக் கிழமை போகிறேன் என்று நினைக்கிறேன்.

என் கேள்வி போகட்டும். மூன்றாவது ஆளாக ஒலிவாங்கி கிடைத்தது ஒரு இளம் பெண்ணுக்கு. இங்கே ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்யும் சாம்பியாக்காரி. அவள் கேட்டது இவ்வளவுதான்: 'முதல் பத்திரம் விற்றபோது எனக்கு ஒன்பது வயது. புதிய ஒப்பந்தப்படி கடைசித் தவணை 2053இல். அப்போது எனக்கு ஐம்பது. இடையில் என்னிடம் யாராவது எப்போது கேட்பார்கள்?'

மண்டபம் ஒரு கணம் அடங்கியது. 'மிக முக்கியமான கேள்வி' என்றார் நிபுணர். பிறகு மற்ற இரண்டுக்கும் பதில் சொன்னார்.

தேநீர் நேரத்தில் அவளிடம் போய், முப்பத்தைந்து வருடமாகப் பாவிக்காத பெம்பா மொழியில் 'முலிஷானி', எப்படிச் சுகம், என்றேன். கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். 'ப்வீனோ' என்று சொல்லிவிட்டுச் சிரிப்போ சிரிப்பு. எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டாள், சொன்னேன். அவளுடைய தாய்மாமன் அங்கே படித்தவராம். நம்மிடம் படித்திருப்பாரா என்று பெயர் கேட்டேன். 1998இல் இறந்துவிட்டார் என்றாள். என்ன நோய் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த வருடங்களில் அங்கே கேட்கத் தேவையும் இருக்கவில்லை. மருந்து வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு, 2003இல் அமெரிக்கா எயிட்ஸ் உதவித் திட்டத்தைத் தொடங்கியபின்.

அதனால்தான், உதவியெல்லாம் ஏமாற்று என்று நீர் எழுதியதோடு நான் ஒத்துப்போக மாட்டேன். உதவியின் பெயரில் நடந்த கூத்துகள் எனக்கும் தெரியும். ஆனால் அந்த மாத்திரை உண்மையான மாத்திரை. இந்த வருடம் எல்லாம் ஒரேயடியாகச் சுருங்குகிறது. 1961இல் கென்னடி தொடங்கிய யு.எஸ்.எயிட் ஜூலை 1ஆம் திகதியோடு முடிந்தது. பிரித்தானியா தன் வருமானத்தில் 0.7 சதவீதம் கொடுப்பதாகச் சட்டமே செய்திருந்தது, பிறகு 0.5 ஆக்கியது, 2027இல் 0.3 ஆக்கப்போகிறது. சாம்பியாவுக்குக் கொடுத்த மருந்துகளைத் திருடிக் கடைகளில் விற்கிறார்கள் என்று அமெரிக்கா மே மாதத்தில் வருடத்துக்கு 5 கோடி டொலர் மருந்துதவியை வெட்டுவதாக அறிவித்தது. திருட்டு நடந்தது உண்மை. தண்டனை மட்டும் மாத்திரை விழுங்குபவனுக்கு. இப்போது கூட்டங்களுக்கு வருபவர்களில் கனபேர் இந்த நிறுவனங்களில் வேலை இழந்தவர்கள். பிஸ்கட் வேகமாக முடிகிறது.

இன்னொரு புதினம். கடன் முறிந்த நேரத்தில் ஜனாதிபதியாக இருந்த எட்கர் லுங்கு ஜூன் 5ஆம் திகதி தென்னாபிரிக்காவில் காலமானார். அரசாங்கம் ஊருக்குக் கொண்டுவந்து அரச மரியாதையோடு புதைக்க வேண்டும் என்கிறது, குடும்பம் மறுக்கிறது, வழக்கு நடக்கிறது. இன்றுவரை உடல் அடக்கமாகவில்லை. அரிச்சந்திரன்கூட இவ்வளவு நாள் சுடலையில் காக்கவைத்திருக்க மாட்டான்.

சரி, நான் எழுதத் தொடங்கியதே ஒரு காரியத்துக்காக. நம் பள்ளிக்கூடத்துத் தோட்டத்தில், சோளப் பாத்திக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவில், சில்லு இல்லாமல் ஒரு பழைய டிராக்டர் நின்றது ஞாபகம் இருக்கிறதா? காவலாளி அதை ருமேனியாக்காரன் என்று கூப்பிடுவார். அது அந்தக் கடனில் வந்ததோ, வேறு வழியில் வந்ததோ, எனக்கு அவர் சொன்னதே போதும். நீர் அதன் ஆசனத்தில் ஏறியிருந்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு ஒரு படம் எடுத்தோம். பிரதி உம்மிடம்தான் இருக்க வேண்டும். இடம்பெயர்ந்தபோது தொலைந்ததோ, பெட்டிக்குள் கிடக்கிறதோ, தேடிப்பாரும். கிடைத்தால் பேரனைக் கொண்டு வட்ஸ்அப்பில் அனுப்பும். அடுத்த மாதம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அந்தத் தாதிப் பெண்ணும் வருவதாகச் சொன்னாள். இந்தமுறை முன்வரிசையில் இருப்போம் என்று பேசிக்கொண்டோம்.

முழங்காலைக் காட்டும்.

அன்புடன்,
உம்முடைய பழைய அறைத்தோழன்