கோவை–லண்டன் பயண நேரத்தைத் தவறாகக் காட்டியது குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், கோபிசெட்டிபாளையம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, விமானப் பயணச்சீட்டு முன்பதிவு நிறுவனம்.

பொருள்: பயணச்சீட்டில் பயண நேரம் நாலரை மணி நேரம் குறைத்துக் காட்டப்பட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

லண்டனில் வசிக்கும் என் தங்கையின் பிரசவத்துக்குத் துணையாக எங்கள் அம்மாவை அனுப்புவதற்கு, கடந்த ஜூன் மாதம் தங்கள் தளத்தில் மும்பை வழியாகப் போகவரப் பயணச்சீட்டு எடுத்தேன். கோவையில் இரவு 9 மணிக்குப் புறப்பாடு, மறுநாள் காலை 9.30 மணிக்கு லண்டன், மொத்தப் பயண நேரம் 12 மணி 30 நிமிடம் என்று சீட்டில் அச்சிட்டிருந்தீர்கள். புறப்பாடு இந்திய நேரம், வருகை லண்டன் நேரம். கோடைக்காலத்தில் லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்தங்கியிருப்பதைக் கணக்கில் கொள்ளாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்திருக்கிறீர்கள். மும்பைக்கு 2 மணி நேரம், அங்கே காத்திருப்பு 5 மணி நேரம், லண்டனுக்கு 10 மணி நேரம் என உண்மையான பயணம் 17 மணி நேரம்.

அம்மா இன்சுலின் போட்டுக்கொள்பவர். எத்தனை மணி நேரப் பயணம் என்று கேட்டு, தங்கள் சீட்டைப் பார்த்துத்தான் மருத்துவர் ஊசிக்கும் உணவுக்கும் நேரம் குறித்துக் கொடுத்தார். அந்த அட்டவணை முடிந்த பிறகும் விமானம் வானில்தான் இருந்தது. சர்க்கரை இறங்கி, வியர்த்து, மயக்கம் வரும் நிலைக்குப் போனவருக்கு விமானப் பணிப்பெண்கள் பழச்சாறு கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இதைத் தெரிவித்தபோது, நேரங்கள் தோராயமானவை என்று தங்கள் சேவை மையம் பதிலளித்தது. காற்றாலும் வழித்தட மாற்றத்தாலும் அரை மணி நேரம் முன்பின் ஆவதைத் தோராயம் எனலாம். நாலரை மணி நேரத்தை அப்படிச் சொல்ல முடியாது.

தங்கள் தளத்தின் தூரப் பக்கமும் இதே போல்தான் உள்ளது. கோவை–லண்டன் 8,200 கிலோமீட்டர், பறக்கும் நேரம் சுமார் 9 மணி நேரம் என்கிறது. தூரம் சரி. ஆனால் அந்த 9 மணி நேரம், பூமியின் மேல் அளந்த மிகக் குறுகிய தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து வந்த எண். கோவையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானமே கிடையாது என்பதை அந்தப் பக்கம் சொல்லவில்லை. ஏறக்குறைய அதே தூரமுள்ள சென்னை–லண்டன் நேரடி விமானத்துக்கே பத்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்றை எதிர்த்துப் போவதால் லண்டன் செல்லக் கூடுதல் நேரமும், திரும்பி வரக் குறைந்த நேரமும் பிடிக்கும். தங்கள் பக்கமோ இரு திசைக்கும் ஒரே எண்ணைக் காட்டுகிறது. கோபியிலிருந்து நம்பியூர், அவிநாசி வழியாகப் பீளமேடு விமான நிலையம் சேரவே இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும் எங்களைப் போன்றவர்கள், வயதானவர்களை அனுப்பும்போது இந்த எண்களை நம்பித்தான் சாப்பாடும் மருந்தும் கட்டிக்கொடுக்கிறோம்.

அம்மா செப்டம்பரில் திரும்ப வேண்டும். அந்தச் சீட்டில் இதே பிழை தலைகீழாகி, உண்மையைவிட நாலரை மணி நேரம் கூட்டிக் காட்டுகிறது. ஆகவே பறக்கும் நேரம், காத்திருக்கும் நேரம் இரண்டையும் தனித்தனியே குறித்துத் திருத்திய சீட்டை உடனே அனுப்ப வேண்டும். அம்மாவின் உடல்நிலை கருதி, கட்டணமின்றி அதைச் சென்னைக்கு வரும் நேரடி விமானத்துக்கு மாற்றித் தர வேண்டும். தளத்தின் கணக்கையும் திருத்துங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை லண்டனுடனான வேறுபாடு ஐந்தரை மணி நேரம் என்பதையும் அப்போது கவனத்தில் கொள்ளவும்.

15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். பயணச்சீட்டின் நகலையும் மருத்துவர் எழுதிக் கொடுத்த அட்டவணையின் நகலையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
கோபிசெட்டிபாளையம்