பெரியம்மாவின் ஊறுகாய் பாட்டில்

அன்புள்ள கமலா,

இங்கே எல்லாரும் நலம். உன் மகன் லைசென்ஸ் எடுத்துவிட்டதாக ராஜு மாமா சொன்னார். உங்கள் ஊர் லெனேசியா ஜனங்களை முருகன்தான் காப்பாற்ற வேண்டும்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லேப்பில் இப்போது என்னைப் பாராசிட்டமால் பக்கம் போட்டிருக்கிறார்கள். ஈரமும் சூடும் சேர்ந்தால் அது மெல்ல உடைந்து 4-அமினோஃபீனால் ஆகும். மருந்தைப் பெரும்பாலும் தயாரிப்பதும் அதை வைத்துத்தான். ஆக, இரண்டு வழியாகவும் உள்ளே வரலாம். சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் ஆகாத பொருள். மூலப்பொடியில் பத்து லட்சத்துக்கு 50 பங்குதான் அனுமதி. மாத்திரையாகிவிட்டால் 0.1 சதவீதம் வரை விடுகிறார்கள், எனக்கு அதுவே அதிகமாகப் படுகிறது.

அந்தத் துளியைப் பிடிப்பதை நீ பார்க்க வேண்டும் கமலா. மாத்திரையை அரைத்து, கரைத்து, வடிகட்டி, கலவையைத் தனித்தனிப் பொருளாகப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவியில் ஏற்றுவோம். திரையில் முதலில் அமினோஃபீனால் ஒரு சின்ன மேடாக வரும், அப்புறம் பாராசிட்டமால் மலை மாதிரி எழும்பும். மலை அந்த மேட்டை விழுங்கிவிடாமல் பிரிப்பதில்தான் சூட்சுமம். ஒப்பிட்டுப் பார்க்கக் கரைத்துவைக்கும் அமினோஃபீனாலோ காற்றுபட்டால் பழுப்பேறிவிடும். அதனால் அவ்வப்போது புதிதாகக் கரைத்தாக வேண்டும். அந்தப் பழுப்பு என் கண்ணில் ஊறிப்போய்விட்டது.

அதனால்தான் இந்தக் கடிதமே. போன ஞாயிறு டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பெரியம்மாவைப் பார்த்தேன். பனாடோ என்ற பாராசிட்டமால் மாத்திரைகளை எல்லாம் அட்டையிலிருந்து பிதுக்கி, பழைய ஊறுகாய் பாட்டிலில் கொட்டி, அடுப்புக்கு மேல் தட்டில் வைத்திருக்கிறார். டர்பன் புழுக்கம் உனக்குத் தெரியாததா? அடியில் கிடந்த மாத்திரைகளின் ஓரம் பழுப்பேறியிருந்தது. முட்டிவலிக்குத் தினமும் அதைத்தான் போடுகிறார். ஒன்றிரண்டில் உயிர் போய்விடாது. ஆனால் எழுபது தாண்டிய சிறுநீரகம்டி அது.

மருந்தில் கலந்தது கண்ணுக்குத் தெரியாது. 1969இல் நம் கேப் டவுனிலேயே, தூக்க மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சுத் திரவம் கலந்து 7 குழந்தைகள் இறந்தார்கள். 1990களில் வங்கதேசத்திலும் ஹைட்டியிலும் பாராசிட்டமால் சிரப்பிலேயே அது இருந்தது. முதலிலேயே யாராவது சோதித்திருந்தால் அந்தப் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

பாட்டிலைக் கொட்டச் சொன்னேன். "காசு போட்டு வாங்கினது" என்று பிடுங்கி வைத்துக்கொண்டார். நீ சொன்னால்தான் கேட்பார். இன்றே போன் போடு. புது அட்டை நான் வாங்கித் தருகிறேன், அலமாரியில் வைக்கட்டும். அப்படியே சிறுநீரகப் பரிசோதனைக்கும் ஒரு தேதி வாங்கு, கூட்டிப்போவது என் பொறுப்பு.

அன்புடன்,
செல்வி