லண்டனிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. தாத்தாவின் புத்தக அலமாரியைக் காலி செய்யப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நீ கேட்டதற்குப் பதில். நன்றாக இருக்கிறேன். வேலை போகிறது. ஈஸ்ட் ஹாமில் கருவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும். விலையை மட்டும் கேட்காதே. இப்போது நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது.

சாயங்காலம் பெரும்பாலும் கீழ்வீட்டுப் பாட்டியம்மாவிடம் போய்விடுவேன். அங்கே ஹீட்டர் நாள் முழுக்க ஓடும். ஆனால் நான் போவது அவர் சேர்த்துவைத்திருக்கும் புக்பிளேட்டுகளைப் பார்க்கத்தான், அத்தானிடமும் அப்படியே சொல். அந்தக் காலத்துச் சீமான்கள் தங்கள் குலச்சின்னத்தைச் செப்புத்தகட்டில் செதுக்கி, சீட்டாக அச்சடித்து, புத்தகத்தின் முன்னட்டைக்கு உட்புறம் ஒட்டிவைத்தார்கள். 'இது என் புத்தகம்' என்று சொல்ல ஒரு கேடயம், ஒரு தலைக்கவசம், நாலு சிங்கம்! தொடங்கியது ஜெர்மனியில். 1480 வாக்கில் பிராண்டன்பர்க் என்பவர் ஒரு மடத்துக்குக் கொடுத்த புத்தகங்களில் ஒட்டிய சீட்டு மிகப் பழையவற்றில் ஒன்று. தேவதை பிடித்திருக்கும் கேடயத்தில் ஒரு கறுப்புக் காளை, மூக்கில் வளையத்தோடு. பொங்கலுக்கு மறுநாள் நம் தெருவில் நிறுத்தலாம்.

சீட்டுகள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான், ஆனாலும் நிறத்தைப் படித்துவிடலாம். படுக்கைக்கோடு நீலம், நெட்டுக்கோடு சிவப்பு, புள்ளி வைத்தால் தங்கம், சும்மா விட்டால் வெள்ளி. 1638ல் பெத்ரா சாங்க்தா என்ற பாதிரியார் போட்ட புத்தகத்தால் பரவிய முறை. பாட்டியம்மா பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்துப் பரீட்சையே வைக்கிறார். சின்னம் சாய்சதுரத்துக்குள் இருந்தால் அது கல்யாணமாகாத பெண்ணுடையது, அல்லது விதவையுடையது. கேடயத்தைச் சுற்றிச் சிப்பியும் கொடியும் கோணல்மாணலாக ஓடினால் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி, சிப்பண்டேல் பாணி. எனக்கு அதுதான் பிடிக்கிறது; அவருக்கு அது வெறும் பகட்டு.

அவருக்குக் கோபம் வருவது சீட்டை நனைத்து உரித்தெடுக்கிறவர்கள் மீதுதான். 1897ல் இறந்த அகஸ்டஸ் பிராங்க்ஸ் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு எழுதிவைத்த சேகரிப்பில் முப்பதாயிரத்துக்கும் மேல் இருக்கிறதாம். அதைச் சொல்லும்போது மெச்சுவார். அடுத்த மூச்சிலேயே, 'உரித்த சீட்டு எந்தப் புத்தகத்தில் இருந்தது என்று யார் சொல்வது?' என்பார்.

தாத்தாவின் ஊதா ஸ்டாம்ப் நினைவிருக்கிறதா? பேரும் ஊரும் வட்டத்துக்குள். பக்கத்துக்குப் பக்கம் குத்தச்சொல்லி நம்மிடம் கொடுப்பார், நீ என் நெற்றியிலும் குத்துவாய். அந்தத் திண்ணை, ஆச்சியின் சொதி, உங்கள் எல்லார் சத்தமும்... இங்கே சில நாள் நான் வாய் திறந்து பேசுவதே பாட்டியம்மாவிடம்தான். சரி, அதை விடு.

ஸ்டாம்ப் குத்திய எதையும் பழைய பேப்பர்காரருக்குப் போடாதே. கரையான் தின்றது போனால் போகட்டும். மற்றதைப் பெட்டியில் கட்டி உன் பரணில் ஏற்று. சித்தப்பா வீட்டைப் பிரிக்க அவசரப்பட்டால், நான் பவர் எழுதி அனுப்பும்வரை எதிலும் கையெழுத்துப் போடவேண்டாம் என்று அம்மாவிடம் சொல். அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. இந்த மாதப் பணம் கொஞ்சம் பிந்தும், பேங்கில் ஏதோ தாமதம். அதுவரை அத்தானைச் சமாளிக்கச் சொல், தையில் சேர்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் தம்பி