துருக்கிப் பயணத்தில் இந்த முறை ஏன் எல்லா வேளைச் சாப்பாடும் சேர்க்கவில்லை

வணக்கம்.

செப்டம்பர் துருக்கிப் பயணத்துக்கு முன்பணம் கட்டியிருக்கும் எல்லோருக்கும் இந்த மடல். திட்டத்தைப் பார்த்துவிட்டுப் பலரும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்: போன வருஷம் மூன்று வேளையும் சேர்த்துத்தானே பணம் வாங்கினீர்கள், இப்போது இஸ்தான்புல்லிலும் காஸியான்டெப்பிலும் காலைப் பலகாரம் மட்டும்தான் போட்டிருக்கிறது, மீதி எங்கே? நியாயமான கேள்வி. மீதிக்கான தொகையைப் பயணக் கட்டணத்திலிருந்து குறைத்துவிட்டோம், அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

காரணம் இதுதான். மொத்தமாகப் பேசி வைக்கும் உணவகங்களில் நாலைந்து பேருந்துக் கூட்டம் ஒரே நேரத்தில் உட்காரும். பருப்பு சூப், கொஞ்சம் சாலட், ஒரு துண்டு கோழி, சோறு, கடைசியில் அரிசிப் பாயசம், எந்த ஊருக்குப் போனாலும் இதே வரிசை. போன வருஷம் எங்களோடு வந்த ஓர் அம்மா சுத்த சைவம். இறைச்சி போடாத சாப்பாடு என்று சொல்லித்தான் அந்த உணவகத்தில் ஏற்பாடு செய்திருந்தோம், மூன்று நாள் அங்கேதான் சோறு சாப்பிட்டார், நாலாவது நாள்தான் அந்தச் சோறு கோழி வேகவைத்த தண்ணீரில் வெந்தது என்று தெரிந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டுத் தண்ணீர் மட்டும் குடித்தார். அது எங்கள் தவறு, சமையல்கட்டு வரை போய் நாங்கள் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு எடுத்த முடிவுதான் இது.

இனி மதியம் நாம் போகப்போவது எஸ்னாஃப் லோகாந்தாசி என்கிற கடைகளுக்கு. எஸ்னாஃப் என்றால் கடைக்காரர்கள், கைத்தொழில் செய்கிறவர்கள். அவர்கள் மதியம் வந்து வயிறாரச் சாப்பிட்டுப் போகும் இடம். அன்றன்றைக்குச் சமைத்ததைப் பெரிய தட்டங்களில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள், நீங்கள் நேரே போய்ப் பார்த்து, இது என்ன, அது என்ன என்று கேட்டு, விரலால் காட்டினால் போதும். மொழி தெரியாதவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை. கொஞ்சமாக வேண்டும் என்றால் ‘ஆஸ்’ என்று சொல்லுங்கள், சின்ன அளவில் வைப்பார்கள், அப்போது இரண்டு மூன்று வகை ருசி பார்க்கலாம். ரொட்டிக் கூடை காலியானால் கேட்காமலே நிரப்புவார்கள். ஒன்று மட்டும் கவனம், பன்னிரண்டு பன்னிரண்டரைக்குள் போய்விட வேண்டும், மூன்று மணிக்குப் போனால் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும்.

இஸ்தான்புல்லில் ஒரு நாள் படகில் பாஸ்பரஸ் நீரிணையைக் கடந்து, எதிர்க்கரையில் இருக்கும் உஸ்கூதார் பகுதிக்குப் போகிறோம். அங்கே 1933 முதல் நடக்கும் கனாத் லோகாந்தாசி இருக்கிறது, மது கிடையாது, குடும்பங்கள் வரும் இடம். இன்னொரு நாள் சுலைமானியே பள்ளிவாசலுக்கு எதிரில் வரிசையாக இருக்கும் மொச்சைக் கடைகள். நம் மொச்சை மாதிரி இல்லை, வெள்ளை பீன்ஸ், குரு ஃபசூல்யே என்பார்கள். தக்காளியும் வெண்ணெயும் போட்டு விதை உடையாமல், வாயில் வைத்ததும் கரைகிற மாதிரி வேகவைத்து, பக்கத்தில் சோறும் ஊறுகாயும் வைத்துக் கொடுப்பார்கள். பருப்புக் குழம்புச் சோற்றில் வளர்ந்த நமக்கு முதல் கரண்டியிலேயே பிடித்துவிடும். ஆனால் இதிலும் சில இடங்களில் இறைச்சி போடுவார்கள்.

அதனால் சைவக்காரர்கள் ‘எத்சிஸ்’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. இறைச்சித் துண்டு இல்லை என்பதுதான் அதற்குப் பொருள், இறைச்சி வேகவைத்த தண்ணீர் சேர்த்திருக்கலாம். சோறு, பருப்பு சூப் இரண்டையும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். அதைக் கேட்கும் கேள்வியைத் துருக்கி மொழியில் அட்டையில் அச்சடித்து ஆளுக்கொன்று தருகிறோம். கடைக்காரர் புருவத்தை உயர்த்தி, நாக்கால் ‘த்ஸ்’ என்று ஒரு சத்தம் கொடுத்தால் இல்லை என்று அர்த்தம், கோபப்படுகிறார் என்று நினைக்க வேண்டாம். நிம்மதியாகச் சாப்பிட ஆலிவ் எண்ணெயில் சமைத்த காய்கறி வகைகள் இருக்கின்றன, ஸெய்தின்யாலி என்று பெயர். அதில் கத்தரிக்காயைக் கீறி வெங்காயம், தக்காளி, பூண்டு அடைத்துச் செய்யும் இமாம் பாயில்டியை விட்டுவிடாதீர்கள். ஆறிப்போயிருக்கிறதே என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அதை ஆறவைத்துத்தான் பரிமாறுவார்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு: ‘தானா’ என்று எழுதியிருந்தால் அது மாட்டுக் கன்று. தோனரும் (கம்பியில் சுழற்றிச் சுட்டுச் சீவித் தரும் இறைச்சி) கோஃப்தேயும் (கொத்திறைச்சி உருண்டை) பல கடைகளில் அதில்தான் செய்கிறார்கள். ‘தாவுக்’ கோழி, ‘பாலிக்’ மீன். அதானா கபாப் முறைப்படி ஆட்டிறைச்சிதான், பிறை போல வளைந்த பெரிய கத்தியால் கையாலேயே கொத்தி, ஆட்டின் வால் கொழுப்பைச் சேர்த்து, அகலமான கம்பியில் பிடித்துச் சுடுவது. ஆனாலும் கடைக்குக் கடை கேட்டுக்கொள்வது நல்லது.

இரவுக்கு ஓஜாக்பாஷி. கரி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, சுடுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் இடம். இங்கே ஒரு வேண்டுகோள், உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் மொத்தமாகச் சொல்லிவிடாதீர்கள். முதலில் மெஸே எனப்படும் சின்னச் சின்னத் தட்டுகள், அப்புறம் நிதானமாகக் கபாப். அவசரமே இல்லை, இரண்டு மூன்று மணி நேரம் பேசிக்கொண்டே சாப்பிடுகிற ஊர் அது. காரம் வேண்டுமானால் ‘ஆஜிலி’, வேண்டாமென்றால் ‘ஆஜிசிஸ்’.

காஸியான்டெப்பைத் திட்டத்தில் சேர்த்ததே சாப்பாட்டுக்காகத்தான். 2015-இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் உணவுக்காகச் சேர்த்த ஊர், அதன் பக்லாவாவுக்கு 2013-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்தது. பக்லாவா என்பது மெல்லிய மாவு அடுக்குகளில் உருக்கிய நெய்யும் பச்சைப் பிஸ்தாவும் போட்டுப் பாகு ஊற்றிய இனிப்பு. முள்கரண்டி பட்டதும் சருகு மிதித்த சத்தம் வரும், அந்தச் சத்தம் வராவிட்டால் சரியான பக்லாவா இல்லை என்பார்கள். பாகு ஊறிய அடிப்பக்கம் மேல்வாயில் படும்படி தலைகீழாகத் திருப்பிக் கடித்துப் பாருங்கள். பெட்டியில் வாங்கி ஊருக்குக் கொண்டுவருவது பிறகு, முதலில் அங்கேயே உட்கார்ந்து ஒரு தட்டு சாப்பிடுங்கள்.

பில் கேட்க ‘ஹெசாப் லுத்ஃபென்’. பில்லை ஒருமுறை வரிவரியாகப் பார்த்துவிட்டு, மனதுக்குப் பிடித்திருந்தால் பத்து சதவீதம் வரை ரொக்கமாக வைக்கலாம். கிளம்பும்போது சமையல்காரரைப் பார்த்து ‘எலினிஸே சாலிக்’ என்று சொல்லுங்கள், உங்கள் கைகளுக்கு நலம் உண்டாகட்டும் என்று பொருள், அவர் முகம் மலர்வதை நாங்கள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம்.

எல்லா நாளும் எங்கள் ஆள் ஒருவர் உங்களோடு மேஜையில் இருப்பார், வயதானவர்களுக்குத் தயிரும் வெறும் சோறும் வேண்டுமென்றால் அதையும் கேட்டு வாங்கித் தருவார். சைவமா, முட்டை உண்டா, மாட்டிறைச்சி கூடாதா, கடலை, எள் மாதிரி எதுவும் ஒத்துக்கொள்ளாதா, எல்லாவற்றையும் இந்த மாதக் கடைசிக்குள் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள், அதை வைத்துத்தான் அட்டைகளை அச்சுக்குக் கொடுக்கிறோம்.

அன்புடன்,
பயண ஏற்பாட்டுக் குழு